மேற்கு வெயில் அறைக்கு எது: தெர்மல் திரையா, ரோலர் ப்ளைண்டா, சோலார் ஃபிலிமா?

தெர்மல் திரைச்சீலை குளிர்நாட்டுச் சரக்கு. வெளியே பூஜ்யம், உள்ளே இருபது டிகிரி என்று இருக்கும் வீட்டில் ஹீட்டர் தரும் சூடு கண்ணாடி வழியாக ஓடிவிடாமல் பிடித்துவைக்கத்தான் அதைத் தடிப்பாக நெய்கிறார்கள். அதே துணியை இங்கே சிங்கப்பூரில் "ஏர்கான் பில் குறையும்" என்று விற்கிறார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் எதனால் குறைகிறது என்று தெரியாமல் வாங்கினால், தடிப்புக்குக் காசு கொடுத்துவிட்டு வேண்டியதை விட்டுவிடுவோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறை ஜன்னல் 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடியில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 5.8 வாட் சூடு கடக்கும். வெளியே 32, உள்ளே 26 என்றால் மொத்தம் நூறு வாட்டுக்குச் சற்று மேல். அதே ஜன்னலில் மாலை வெயில் நேராக அடிக்கும்போது சதுர மீட்டருக்கு 500 வாட் விழும். தெளிந்த கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அது 1,200 வாட். அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டுவைத்தது போலத்தான்.

துணியின் தடிப்பு அந்த நூறு வாட்டைத்தான் கவனிக்கும். 1,200 வாட்டை என்ன செய்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. அது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: வெயில் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறது, நிறுத்தும் பரப்பு என்ன நிறம்.

எந்த ஜன்னலுக்குச் செலவு செய்வது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடலாம். 1982-ல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒரு மணியை ஒட்டித்தான். அதனால் மேற்கு ஜன்னலில் 3 மணிக்கு ஏறும் வெயில், ஆறு மணி தாண்டியும் போகாது. வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு ஆண்டின் நடுவிலும், தெற்குப் பார்த்ததற்கு ஆண்டு இறுதியிலும் சாய்வான வெயில் வரும். மேலே விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் யாரும் ஏர்கான் போடுவதில்லை. பணம் கையைக் கடித்தால் மேற்கை மட்டும் கவனியுங்கள்.

திரைச்சீலை

பின்பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் பூச்சுள்ள நடுத்தர நிறத் திரை, ஜன்னல் வழி வரும் சூட்டை 33% குறைக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. இதில் உழைப்பது அந்த வெள்ளைப் பின்பக்கம். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து வெள்ளையில் பட்டால், ஒரு பங்கு ஒளியாகவே வெளியே திரும்பிவிடும். கறுப்பில் பட்டால் அங்கேயே சூடாகிவிடும், அந்தச் சூட்டுக்குக் கண்ணாடி வழி திரும்பிப் போகத் தெரியாது. மாலை 4 மணிக்கு அடர்நிறத் திரையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும்.

கடையில் "பிளாக்அவுட்" என்ற ஒரே பெயரில் இரண்டு வகை கிடக்கும். ஒன்று, பூச்சு போட்டது: துணியின் பின்னால் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என மூன்று அடுக்கு நுரைப் பூச்சு. இருட்டும் முழுமை, வெயிலையும் நன்றாகத் திருப்பும். ஆனால் நம் ஈரப்பதத்திலும் கண்ணாடியோரச் சூட்டிலும் சில வருடத்தில் பூச்சு வெடிக்கும், உதிரும், மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் துவைக்கவோ டிரையரில் போடவோ கூடாது. பின்பக்கத்தில் அயர்ன் பெட்டி பட்டால் போச்சு. இன்னொன்று, நெய்தது: நடுவில் கறுப்பு நூல் ஓடும் பாலியெஸ்டர். மெஷினில் போடலாம், நீண்ட நாள் உழைக்கும், மடிப்பும் அழகாக விழும். ஆனால் இருபக்கமும் ஒரே நிறம். அடர் நீலத்தில் எடுத்தால் கண்ணாடிக்கும் அடர் நீலம்தான் காட்டும். நெய்ததில் போவதென்றால் வெளிர் நிறம் எடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வெள்ளை லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சூட்டுக்காக மட்டும் என்றால் எங்கள் ஓட்டு பூச்சு போட்டதற்கு.

நல்ல துணியை வாங்கி மோசமாகத் தொங்கவிடுவதுதான் அதிகம் நடப்பது. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சூடாகும் காற்று மேலே ஏறி, மேல் இடைவெளி வழியாக அறைக்குள் வழியும். கீழிருந்து அறையின் குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். ஏர்கான் போட்டிருக்கும் வரை இந்தச் சுற்று நிற்காது. கம்பியில் வளையம் கோத்துத் தொங்கும் திரையில் இது மிக மோசம், ஏனென்றால் கம்பி சுவரை விட்டு எட்டுப் பத்து சென்டிமீட்டர் தள்ளி நிற்கும், மேலே முழுக்கத் திறப்பு. கூரையில் பதித்த தண்டவாளமும், அதை மறைக்கும் பலகைப் பெட்டியான பெல்மெட்டும் இருந்தால் மேல்வாய் அடைபடும். பக்கவாட்டில் ஜன்னலைத் தாண்டி இருபுறமும் 20 செமீ விடுங்கள், கடைசி மடிப்பைச் சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டுங்கள். கீழே தரையிலிருந்து ஒரு செமீ போதும். அரைத் திரை வேண்டாம். 2.4 மீட்டர் அகல ஜன்னலுக்கு 2.8 மீட்டர் தண்டவாளம், இரட்டை மடிப்புக்கு 5.6 மீட்டர் துணி, ஓர மடிப்புக்குச் சற்று கூடுதல். "ஒன்றரை மடங்கு போதும்" என்று தையற்காரர் சொன்னால் விலை குறையும், ஆனால் மூடும்போது துணி இழுத்துப் பிடித்தாற்போல் நின்று நடுவில் பிளவு விடும்.

தீபாவளிக்குத் திரை மாற்றும் வீடுகள் நம்மில் நிறைய. அதற்கு ஒரு மாதம் முன்னால் தையற்கடைகளில் கூட்டம் தாங்காது, அளவெடுக்க வருபவரும் அவசரத்தில் இருப்பார். ஜூன், ஜூலையில் கொடுத்தால் நிதானமாகத் தைத்து வரும்.

ரோலரும் பட்டை ப்ளைண்டும்

நன்றாக எதிரொளிக்கும் பட்டை ப்ளைண்டை முழுக்க இறக்கி மூடினால் சுமார் 45% குறையும் என்கிறது அதே துறை. வெள்ளை அலுமினியப் பட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; மர நிறப் பட்டைக்கு இந்தக் கணக்கு செல்லாது. தூசி துடைக்கத் தயாராக இருப்பவர்களுக்கு இது திரையைவிடக் கெட்டிக்காரப் பொருள்: பட்டையை மேல்நோக்கிச் சாய்த்து வெளிச்சத்தை மட்டும் கூரைக்கு அனுப்பலாம், காற்றும் வரும்.

ஒரே துணியாக மேலே சுருண்டு ஏறும் ரோலர் ப்ளைண்ட் ஜன்னல் சட்டத்துக்குள் உட்காருவதால் இருபக்கமும் ஒன்றரை, இரண்டு செமீ ஒளிக்கீற்று விழும். ஓரத்தில் வழிகாட்டி பொருத்திய ஜிப் வகை அதை அடைத்துவிடும். மூடியிருந்தாலும் வெளிக்காட்சி தெரியும் சன்ஸ்கிரீன் துணி கேட்டால், அடர் நிறம் காட்சிக்கு நல்லது, வெளிர் நிறம் சூட்டுக்கு நல்லது. இரண்டும் ஒரே துணியில் வேண்டுமென்றால் கண்ணாடிப் பக்கம் வெள்ளி நிறம் பூசியதைக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தொங்கும் சங்கிலி வேண்டாம், கழுத்தில் மாட்டும் ஆபத்து உண்டு.

சோலார் ஃபிலிம்

கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய தாள் இது. வெயிலைக் கண்ணாடியிலேயே நிறுத்துவதால் மேலே சொன்ன இரண்டையும்விட ஒரு படி முன்னே. ஏமாறுவதற்கும் இங்கேதான் இடம் அதிகம்.

கடையில் ஒரு சூட்டு விளக்கைப் போட்டு, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். சூடே தெரியாது. அந்த விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். சூரிய ஆற்றலில் அது பாதி அளவுதான். மீதியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், அதுவும் உள்ளே வந்து சூடாகத்தான் முடியும். ஆகவே "அகச்சிவப்பு 95% தடுப்பு" என்ற எண்ணை விட்டுவிட்டு, மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை விழுக்காடு தடுக்கிறது என்ற எண்ணைக் கேளுங்கள். அது 50-ஐத் தாண்டினால் நல்ல ஃபிலிம். கூடவே, வெளிச்சம் எத்தனை விழுக்காடு உள்ளே வருகிறது என்றும் கேளுங்கள். 40-க்கு மேல் என்றால் பகலில் விளக்கு வேண்டாம். 20 என்றால் மூன்று மணிக்கே சுவிட்சைத் தட்டுவீர்கள்.

கண்ணாடிபோல் பளபளக்கும் ஃபிலிம் சூட்டை நன்றாகவே திருப்பும். ஆனால் கட்டட வெளிக் கண்ணாடியின் பகலொளி எதிரொளிப்பு 20%-ஐத் தாண்டக் கூடாது என்று கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதி இருக்கிறது. காண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) வெளித்தோற்றம் மாறுவதற்கு நிர்வாகக் குழுவின் அனுமதியும் வேண்டும். தவிர, இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் பளபளப்பு திசை மாறி, எதிர் புளோக்குக்கு உங்கள் ஹால் தெரியும்.

ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் ஒட்டுவார்கள். அது முழுக்கக் காய ஒரு மாதம் ஆகலாம். அதுவரை தெரியும் மங்கலும் சின்ன நீர்க்கொப்புளமும் குறையல்ல. அந்த மாதத்தில் துடைக்காதீர்கள், பிறகும் அமோனியா கலந்த திரவம் வேண்டாம். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டியிருக்க வேண்டும். கம்பிவலை பதித்த கண்ணாடி, ஏற்கெனவே நிறமேற்றிய கண்ணாடி, லேமினேட் கண்ணாடி ஆகியவற்றில் சூட்டை உறிஞ்சும் ஃபிலிம் ஒட்டினால் விரிசல் விழலாம். நடுப்பகுதி சூடேறி விரியும், சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே கிடக்கும். அந்த இழுபறியில் ஓரத்திலிருந்து கீறல் கிளம்பும். பின்னால் அடர்நிறத் திரையையும் ஒட்டி மூடிவைத்தால் இன்னும் மோசம். கண்ணாடி என்ன வகை என்று பார்க்காமலே விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை விற்பவர் சொல்ல மாட்டார். ஜன்னலைத் திறந்து வைத்தால் ஃபிலிம் வேலை செய்யாது. நம் கேஸ்மென்ட் ஜன்னல் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். வெயில் திறப்பு வழியாக நேரே உள்ளே வந்துவிடும். பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து காற்றை நம்பும் வீட்டில் ஃபிலிமுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். பட்டை ப்ளைண்ட்தான் அங்கே பொருத்தம்.

வெளியிலேயே மறைத்தால்?

அதுதான் எல்லாவற்றையும் மிஞ்சும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பந்தல் 77% வரை சூட்டைக் குறைக்கும் என்கிறது அமெரிக்கத் துறை. ஆனால் அடுக்குமாடி ஜன்னலுக்கு வெளியே நாமாக எதையும் நீட்ட முடியாது. பால்கனி இருந்தால் அதன் விளிம்பில் வெளிப்புற ஜிப் ப்ளைண்ட் போடலாம். காண்டோ என்றால் குழு ஒப்புதல் தந்த நிறமும் வடிவமும் மட்டும்.

பில்லில் எவ்வளவு தெரியும்?

மேகத்தையும் மழையையும் கழித்து, அந்த 3 சதுர மீட்டர் ஜன்னல் வழியாக நாளுக்கு 3 யூனிட் சூடு வருகிறது என்று வைப்போம். திரை மூன்றில் ஒன்றைத் தடுத்தால் 1 யூனிட் சூடு மிச்சம். இன்வெர்ட்டர் ஏர்கான் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, நான்கு யூனிட் சூட்டை வெளியேற்றும். ஆக மிச்சமாவது 0.3 யூனிட் மின்சாரம். கட்டணம் 30 காசு என்றால் நாளுக்கு 9 காசு, மாதத்துக்கு 2 வெள்ளி 70 காசு. பாதியைத் தடுக்கும் ஃபிலிமில் இதே கணக்கு மாதம் 4 வெள்ளியை ஒட்டி வரும். சதுர அடிக்கு 10 வெள்ளி கேட்டால் 32 சதுர அடிக்கு 320 வெள்ளி. பில்லை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்ட பணம் திரும்பி வரச் சுமார் ஆறே முக்கால் வருடம். ஏர்கானை இரவு பத்து மணிக்குத்தான் போடுவீர்கள் என்றால் இன்னும் நீளும், ஏனென்றால் மாலைச் சூட்டில் ஒரு பகுதி அதற்குள் தானாகவே வெளியேறியிருக்கும்.

இந்த எண்ணைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம். சூடேறிய கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், அறைக் காற்று 24 டிகிரியாக இருந்தாலும் உடம்பு எரியும். உடனே ரிமோட்டை எடுத்து 21-க்கு இறக்குவோம். அந்தக் கதிர்ச்சூட்டை மறைத்துவிட்டால் 25-இலும் மின்விசிறியோடு சுகமாக இருக்கும். தேசியச் சுற்றுப்புற அமைப்பும் 25 அல்லது அதற்கு மேல் வைக்கத்தான் சொல்கிறது. திரையை மூடிவிட்டு 21-லேயே வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன 2 வெள்ளி 70 காசுதான் மிஞ்சும். இன்னொரு தடையும் உண்டு: மேற்குக் கான்கிரீட் சுவர் பகலெல்லாம் குடித்த சூட்டைச் சில மணி நேரம் கழித்து, படுக்கும் நேரத்தில் உள்ளே விடும். அதற்குத் திரையும் ஃபிலிமும் ஒன்றும் செய்ய முடியாது. கட்டில் தலைமாட்டை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துவது இலவசம்.

2024-ல் வீவக வீடுகளுக்கு வந்த 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டில் ஏர்கானும் டிசி மின்விசிறியும் வாங்கலாம், திரை வாங்க முடியாது. ஆகவே மின்விசிறிக்கு அதைப் பயன்படுத்திவிட்டு, கைப்பணத்தைத் திரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தேர்வு இப்படி: சொந்த வீடு, பகலில் ஜன்னல் மூடியிருக்கும், மாலை ஐந்து மணிக்கே ஏர்கான் ஓடும் என்றால் ஃபிலிமும் வெளிர்நிறத் திரையும். ஜன்னல் திறந்தே இருக்கும் வீட்டுக்கு வெள்ளைப் பட்டை ப்ளைண்ட். எப்படியும் திரை மாற்றப் போகிறவர்கள் பூச்சு போட்ட வெள்ளைப் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கினால் போதும், சாதாரணத் துணியைவிடக் கூடும் விலைதான் உண்மையான செலவு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் எதையும் ஒட்டவோ துளைக்கவோ வேண்டாம். வெள்ளைப் பூச்சு லைனிங் துணியை, இருக்கும் திரையின் அளவுக்கு இரண்டு செமீ குறைத்து வெட்டி, மேல்விளிம்பில் நாடா தைத்து, திரையின் கொக்கிகளிலேயே பின்னால் மாட்டிவிடுங்கள். வீடு மாறும்போது கழற்றிச் சுருட்டி எடுத்துப் போகலாம். மடித்து வைத்தால் மடிப்பில் பூச்சு ஒட்டிக்கொள்ளும்.