24,500 ரூபாய்க்கு கார் ஸ்டீரியோ மாற்றினேன்: கதவுப் பேடைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

கள்ளில் தண்ணீர் கலந்திருந்தால் வாயில் வைத்ததும் சொல்லிவிடுகிற சித்தூர் தாலுகாக்காரன் நான். கேரளாவில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை. அப்படிப்பட்டவனைக் கோயம்புத்தூரில் ஒரு கடை ஸ்பீக்கரில் ஏமாற்றிவிட்டது. புகார் போயிருப்பதால் கடைப் பெயரைச் சொல்லவில்லை.

வேலைக்காகத் தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோவை போய் வருகிறேன். காரில் பாட்டுதான் துணை. வேகன் ஆரின் முன் கதவு ஸ்பீக்கர் ஒன்று கரகரக்க ஆரம்பித்தது. ஒரு ஜோடி ஸ்பீக்கர் மட்டும் மாற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்குள் நுழைந்தேன். சுவர் முழுக்க ஸ்பீக்கர், நெஞ்சு அதிர ஒரு குத்துப்பாட்டு. "2000 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர்ங்ணா, ஆண்ட்ராய்டு பிளேயர், நாலு ஸ்பீக்கர், கதவு அதிராம இருக்க டேம்பிங் ஷீட், எல்லாம் சேர்த்து 24,500" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேருங்ணா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். எனக்கும் அது லாபமாகத்தான் பட்டது. ஜிபேயில் பணம் அனுப்பினேன். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் சாமான் பட்டியலை எழுதிக் கொடுத்தார். "மூணு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்கள். போய்விட்டேன். பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டிய மூன்று மணி நேரம் அது.

திரும்பி வந்தபோது திரை பளபளவென்று இருந்தது, சத்தமும் காதைப் பிளந்தது. ஆனால் பேஸ், அதாவது நெஞ்சில் இடிக்கிற அடிச்சத்தம், மட்டும் இல்லை. கேட்டால், "புது ஸ்பீக்கர்ங்ணா, செட் ஆக ஒரு மாசம் ஆகும்." சரி என்று வந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம், வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய கார் திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் ஆகவில்லை. போன் செய்தால் பேட்டரி வீக் என்றார்கள். நம்பி 4,200 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன். இரண்டு வாரம் கழித்து அதுவும் ஒரு திங்கட்கிழமை படுத்துவிட்டது. ஏப்ரல் வெயிலில் (பாலக்காட்டு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை) கதவுக்குள்ளிருந்து ரோடு போடுகிற இடத்து வாசனை வந்தது. ஜூன் மழையில் டிரைவர் சீட்டுக்குக் கீழே மேட் நனைந்து கிடந்தது.

கடைசியில் எங்கள் ஊர்த் திருவிழாக்களுக்கு மைக்செட் போடும் அண்ணனிடம் காரைக் கொண்டுபோனேன். கார் வேலை அவர் தொழில் இல்லை. ஆனாலும் ஒயர் என்றால் எங்கேயும் ஒயர்தானே. அவர் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழற்றிப் பார்த்தோம்.

முதலில் பேஸ். ஸ்பீக்கர் ஒயரில் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். ப்ளஸ்ஸில் ப்ளஸ் பட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். இடது கதவில் தள்ளியது, வலது கதவில் உள்ளே இழுத்தது. ஒன்றில் ப்ளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு மாதம் இல்லை, ஒரு வருஷம் ஆனாலும் இது செட் ஆகாது.

அடுத்து பேட்டரி. பிளேயருக்கு வரும் மஞ்சள் ஒயர் நேரடி கரண்ட், சிவப்பு ஒயர் சாவி திருப்பினால் வரும் கரண்ட். இரண்டையும் சேர்த்து முறுக்கி நேரடி கரண்டிலேயே கட்டி டேப் சுற்றியிருந்தார்கள். அதனால் பிளேயர் தூங்குவதே இல்லை. காரைப் பூட்டிவிட்டு மீட்டர் வைத்தோம்: 0.6 ஆம்பியர். நியாயமாக 0.05-க்குள் இருக்க வேண்டும். என் காரில் இருப்பது 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. வகுத்துப் பாருங்கள், 58 மணி நேரம். வெள்ளி மாலை ஆறிலிருந்து திங்கள் காலை ஆறு வரை 60. பாவம், என் பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஸ்டீரியோ ஒயர்களைச் சேர்த்து மாட்டும் கம்பெனி பிளக்கான கப்ளரையும் வெட்டி எறிந்திருந்தார்கள். சில நூறு ரூபாய்க்கு அதற்கென்றே கப்ளர் கிடைக்கிறது, ஒரு ஒயரைக்கூட வெட்டாமல் மாட்டலாம்.

கதவில், கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் எப்போதும் உள்ளே போய் அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறும். அது நம் பக்கம் வராமல் தடுக்க பேடுக்கு (கதவின் உட்பக்க மூடிக்கு) பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துவிட்டு, மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்டை டேம்பிங் என்று ஒட்டியிருந்தார்கள். வெயிலில் இளகி வழிந்து ஸ்பீக்கர் விளிம்புவரை வந்திருந்தது.

இதெல்லாம் போகட்டும். ஆம்ப்ளிஃபயருக்காக பேட்டரியிலிருந்து இழுத்த பவர் ஒயரில் பேட்டரி பக்கம் ஃபியூஸே இல்லை. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் அது இருந்தே ஆக வேண்டும். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பரும் இல்லை. தகட்டு விளிம்பில் உரசி உரசி மேல் தோல் பாதி போயிருந்தது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை: செம்பு முலாம் பூசிய அலுமினியம். இன்னும் கொஞ்ச நாளில் தகட்டில் பட்டிருக்கும். "காசு குடுத்து கொள்ளிக்கட்டைய கால்மாட்டுல வெச்சிருக்கியே தம்பி" என்றார் அண்ணன். அந்தக் காரில்தான் என் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன்.

அந்த 2000 வாட்ஸையும் பார்த்துவிட்டோம். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருந்த ஃபியூஸ் 20 ஆம்பியர். கார் ஓடும்போது சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 280 வாட்ஸ், அதுதான் அது இழுக்கக்கூடியதே. அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். ஸ்பீக்கருக்கு 200 கூட வராது. எட்டாம் வகுப்புக் கணக்கு இது. கடையில் நின்று போட்டிருக்கலாம், நான் பாட்டில் மயங்கி நின்றேன்.

கடைக்குப் போய்ப் படங்களைக் காட்டினேன். "வெளியாள் கை வெச்சுட்டாங்கண்ணா, இனி நாங்க பொறுப்பில்ல" என்றார். சரி, என் பழைய கம்பெனி ஸ்டீரியோவையாவது கொடுங்கள் என்றேன். பழசு குப்பைக்குப் போய்விட்டதாம். போகும்போது இன்னொன்றையும் சொன்னார்: "உங்களுது கேரளா வண்டி. இங்க வந்து கேஸ் போட்டு அலைய முடியுமாங்ணா?"

அலைய வேண்டியதே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன், பிறகு பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் பதிந்தேன். பில் இல்லாதது பெரிய குறைதான். ஜிபே பதிவும் விசிட்டிங் கார்டின் பின்பக்கமும் கழற்றும்போது எடுத்த 41 படங்களும் கொடுத்திருக்கிறேன். கழற்றும் முன்பே வீடியோ எடுக்காமல் விட்டது என் தப்பு. "வெளியாள் கை வெச்சுட்டாங்க" என்று அவர் சொல்வதற்கு இடம் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தார்கள். புகாரை வாபஸ் வாங்கினால் 5,000 தருகிறார்களாம். என் பழைய ஸ்டீரியோவை முதலில் கண்டுபிடித்துக் கொடுங்கள், அதன் ஓரத்தில் என் மகள் ஒட்டிய மயில் ஸ்டிக்கர் இருக்கும் என்று பதில் போட்டேன். இன்னும் ஒன்றும் வரவில்லை. இப்போதைக்கு ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு, அண்ணன் சரிசெய்து கொடுத்த ஒயரில் பிளேயர் மட்டும் ஓடுகிறது. இரண்டு திங்கட்கிழமையாக கார் ஸ்டார்ட் ஆகிறது.