அம்மாவின் முதுகுவலியும் திருச்சி ஸ்கேனும்

லண்டனிலிருந்து மூன்று வார லீவில் லால்குடி போனேன், அதில் பாதி ஆஸ்பத்திரி வராந்தாவில் போய்விட்டது. அம்மாவுக்கு நாலு மாதமாக நடுமுதுகில் வலி, எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர் "தேய்மானம், வயசாச்சுல்ல" என்று வலி மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்திருக்கிறார். போனில் அம்மா அதைச் சொன்னபோது நானும் நம்பினேன். நேரில் போனால் ஜாக்கெட் தொளதொளவென்று கிடக்கிறது, சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது, ராத்திரி வலியில் தூக்கமே இல்லை. தேய்மானத்துக்கு எதற்குக் காய்ச்சல்?

திருச்சியில் மறுநாளே எம்ஆர்ஐ எடுத்தோம், 7,000 ரூபாய். (லண்டனில் என் தோளுக்கு ஏழு வாரம் காத்திருந்தேன், காசு கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.) தாலிக்கொடி, மெட்டி எல்லாம் கழற்றணும் என்றதும் அம்மா முரண்டு பிடித்தாள். அங்கிருந்த அக்கா டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் கயிறை எடுத்து அப்பா கையில் கொடுத்தார், தினமும் நடக்கிற கதை போல.

படத்தில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்பு அரித்திருந்தது, நடுவில் டிஸ்க் சுருங்கி, பக்கத்தில் சீழ். எனக்கு வயிற்றைக் கலக்கியது. புது டாக்டர், கேன்சர் பெரும்பாலும் டிஸ்கைத் தொடாது, இது டிபி மாதிரி இருக்கிறது என்றார். எலும்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் பிடிபடுமாம், எம்ஆர்ஐயில் உள்ளே மஜ்ஜையில் நீர் கோக்கும்போதே தெரிந்துவிடும்.

சரி, படம் மட்டும் போதாது. சி.டி.யில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள், எடுத்த அத்தனையையும் பார்மலினில், அதாவது சதை கெடாமல் வைக்கிற மருந்துத் திரவத்தில் போட்டுவிட்டார்கள்! அதில் போட்டால் கிருமி செத்துப்போகும், கல்ச்சர், அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்க முடியாது. சிபிநாட், அதாவது டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற சோதனைக்கும் சலைனில் (உப்புத் தண்ணீரில்) தனியாக வேண்டும். அதனால் இன்னொரு முறை குத்தினார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, நான்தான் கத்தினேன். உங்கள் வீட்டில் யாருக்காவது எடுத்தால் உள்ளே போகுமுன்பே இதைக் கேட்டுவிடுங்கள். சிபிநாட் ஓட இரண்டு மணி நேரம்தான், டிபி என்பதையும் அதற்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டது.

மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஒரு வருஷம் சாப்பிட வேண்டும். சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் அக்கவுண்டில் வரும் என்று ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கிக்கொண்டார்கள். நுரையீரலில் இல்லாததால் யாருக்கும் ஒட்டாது, பேரனைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அம்மா சிரித்தாள். ஆனால் தெருவில் யார் கேட்டாலும் இன்னும் "தேய்மானம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.