இரண்டு கண்ணுக்கு 100 கிராம் குண்டுமணி

இந்த வருடம் களிமண் பிள்ளையாரை வீட்டிலேயே பிடிக்கலாம் என்று மருமகளுக்கு ஆசை. கண்ணுக்குக் குண்டுமணி வேண்டும். என்னிடம் கேட்டிருந்தால் பழைய பெட்டியிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. போனில் ஆர்டர் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் பாக்கெட் வந்தது, 100 கிராம். பிள்ளையாருக்கு இருப்பது இரண்டே கண்.

நான் நகைப் பட்டறையில் உட்கார்ந்து வயிறு வளர்த்தவன். கை நடுங்க ஆரம்பித்ததும் ஊதுகுழலைக் கீழே வைத்தேன். நான் தொழிலுக்கு வந்தபோது கிராம் கணக்கு வந்துவிட்டது. அப்பா மட்டும் கடைசிவரை குண்டுமணியை விடவில்லை. இரண்டு குண்டுமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்று வாய்ப்பாடு போலச் சொல்லுவார். 'வீட்டில் குண்டுமணித் தங்கம்கூட இல்லை' என்று பெண்கள் புலம்புவது அந்தக் கணக்கில்தான். ஆகவே இந்தச் சரக்கை நிறுத்துப் பார்க்காமல் விட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன், 98.4 கிராம். பரவாயில்லை, ஒன்றரை கிராமுக்குச் சண்டை வேண்டாம். 100 மணி எண்ணி நிறுத்தேன், 11.3 கிராம். சித்த வைத்திய அளவையில் ஒரு குன்றிமணி (குண்டுமணிக்கு இன்னொரு பேர்) எடை என்றால் 130 மில்லிகிராம். இது அதற்குச் சற்றுக் குறைவு. தனித்தனியாக வைத்தால் ஒன்று 90 மில்லி, ஒன்று 140 மில்லி. அதனால்தான் அப்பா கண்ட மணியை எடைக்கு எடுக்க மாட்டார். தட்டில் மாற்றி மாற்றி வைத்து, ஒத்த மணிகளாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார். நிறம் அசல். கறுப்புக் கண் சாயமாக இருக்குமோ என்று ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன், போகவில்லை. கல், மண் எதுவும் கலக்கவில்லை. பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

அப்புறம் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன்.

'100% இயற்கை. முடி வளர, கண் பிரகாசிக்க, நரம்பு வலுப்பெற, வாய்ப்புண் ஆற.' இவ்வளவுதான். விஷம் என்று ஒரு வார்த்தை கிடையாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்றுகூட இல்லை. பாக்கெட்டின் அடியில் உடைந்த மணி 14 இருந்தன, கூடவே கொஞ்சம் தூள். முழு மணியின் ஓடு கெட்டி, சில சமயம் வயிற்றில் உடையாமலே வெளியே போய்விடும். உடைந்தது, துளைத்தது, மென்றது அப்படியல்ல. உள்ளே இருக்கும் அப்ரின் என்ற புரதம் உடம்பின் செல்லுக்குள் போய், அது புரதம் தயாரிக்கும் வேலையையே நிறுத்திவிடும். ஒரே மணியை நன்றாக மென்று விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து வரலாம். உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் வாந்தி, ரத்தபேதி என்று ஆரம்பிக்கும். முறிவு மருந்து கிடையாது. பட்டறையில் உடைந்த மணியைத் தொட்டால் கை கழுவாமல் தண்ணீர்ச் சொம்பைத் தொட விடமாட்டார் அப்பா. அவருக்கு அப்ரின் என்ற பேர் தெரியாது.

இதைவிடக் கோபம் வந்தது இலவசப் பொருளைப் பார்த்துத்தான். பாக்கெட்டோடு ஒரு கைவளையம் வைத்திருந்தார்கள். 21 குண்டுமணி, ஒவ்வொன்றையும் ஊசியால் துளைத்து எலாஸ்டிக் நூலில் கோத்தது. அளவைப் பார்த்தால் நான்கு வயதுப் பிள்ளை கைக்குத்தான் சரியாக இருக்கும். அந்த வயதில் கையில் கிடப்பது வாய்க்குப் போகாமல் இருக்குமா? 2011-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பெரிய தாவரத் தோட்டத்தின் கடையில் இதே மணி கோத்த கைவளையங்களை விற்றுவிட்டு, விஷம் என்று தெரிந்ததும் வாங்கியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அறிவிப்புச் செய்தார்கள். இங்கே இனாமாகத் தருகிறார்கள்!

பேத்தி பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். பாக்கெட்டைப் படமெடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"தாத்தா, அதுல யாரும் எதையும் வாயில வைக்கலையே?"

இல்லை என்றதும்தான் மற்றதைப் பேசினாள். வாய்ப்புண்ணுக்குச் சொல்வது இலையை, விதையை அல்ல. அதைக் கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. வேலியில் படர்ந்திருந்த கொடியில் இலை கிள்ளி, தொண்டை கட்டினால் மெல்லக் கொடுப்பாள். முதலில் பச்சை வாசனை, பிறகு மெதுவாக இனிக்கும். அதிமதுரம் போலவே இந்த இலையிலும் இனிப்பு இருக்கிறதாம். ஒரே கொடியில் இலை இனிப்பு, விதை எமன். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லாமல் 'வாய்ப்புண் ஆற' என்று விதைப் பாக்கெட்டில் அச்சடித்தால் படிப்பவன் விதையைத்தானே மெல்லுவான்?

முடிக்கு என்பதும் பாதி உண்மை. தலையில் வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்குக் குன்றிமணி சேர்ந்த தைலத்தை வைத்தியர்கள் மேல்பூச்சாகக் கொடுப்பதுண்டு. விதையைச் சுத்தி செய்து, அதாவது விஷத்தை முறித்துத்தான் மருந்தில் சேர்ப்பார்கள். துணியில் முடிந்து, பால் பானைக்குள் தொங்கவிட்டு, யாமக் கணக்கில் வேகவைப்பது ஒரு முறை. ஒரு யாமம் மூன்று மணி நேரம். அப்ரின் புரதம் என்பதால் சூட்டில் கெடும், அதுதான் அந்த வேக்காட்டின் சூட்சுமம். வீட்டுக் குக்கரில் நாலு விசில் விட்டுச் செய்கிற காரியமல்ல என்று பேத்தி இரண்டு தரம் சொன்னாள்.

கண் பிரகாசம்தான் உச்சம். 1882-ல் பாரிஸில் லூயி த வெக்கர் என்ற கண் மருத்துவர் குன்றிமணி ஊறிய நீரை நோயாளிகளின் கண்ணில் விட்டுப் பார்த்தார். டிரக்கோமா என்ற கண்நோய்க்கு வேண்டுமென்றே கண்ணைப் புண்ணாக்கி ஆற்றும் வைத்தியம். சிலருக்குக் கண்ணே கெட்டதால் அந்த முறை வழக்கொழிந்தது. பிள்ளையாருக்கு மட்டும்தான் இது கண்ணுக்கு நல்லது.

1940-ம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில் இ(1) என்று ஒரு விஷப் பட்டியல் உண்டு. குன்றிமணி விதை அதில் இருக்கிறது. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தில் அது சேர்ந்தால் மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை லேபிளில் போட்டாக வேண்டும். நம் ஆள் சாமர்த்தியசாலி. முன்பக்கம் 'பூஜைப் பொருள்', பின்பக்கம் மருந்துக் குணம்.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். "சார், இது நேச்சுரல், சைடு எஃபெக்ட் வராது" என்றது ஒரு பெண் குரல். "அரளிக்கொட்டைகூட நேச்சுரல்தாம்மா" என்றேன். மேலதிகாரியிடம் சொல்வதாகச் சொன்னாள். 11 நாள் ஆகிறது, பதில் இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன பயன், எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறாள்.

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கிறேன். அது சரக்கின் சுத்தத்துக்கு. லேபிளில் விஷம் என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டு, அந்தக் கைவளையத்தை நிறுத்தினால் நான்காக மாற்றத் தயார். பிள்ளையாருக்கு மட்டும் வாங்குகிறவர்கள் தெரிந்த வீட்டு வேலியில் இரண்டு மணி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பாக்கெட் தேவையில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை மணியை மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வளையத்தை அறுத்து, உடைந்த மணிகளோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்து, கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். மிச்சம் அப்பாவின் தராசுப் பெட்டிக்குள் போய்விட்டது. சாவி என் இடுப்பில். பிள்ளையாருக்கு நானே உட்கார்ந்து ஒத்த எடையில் இரண்டு பொறுக்கிக் கொடுத்தேன், இரண்டும் 118 மில்லி.