ஆங்கிலத்தில் மாநாட்டுக் கட்டுரை: வகுப்பா, நெறியாளரா, செயலியா?

"ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கவும்." மதிப்பாய்வாளர் இப்படி ஒற்றை வரி எழுதிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய இரவில்தான் நான் ஆங்கிலம் கற்கக் கிளம்பினேன். அந்த வரி சுருக்கென்று தைக்கும். ஆனால் அதில் பாதிதான் உண்மை. மொழி சரியில்லை என்று எழுதும் மதிப்பாய்வாளர், பல நேரம் சொல்ல வருவது "நீங்கள் எதைக் கண்டுபிடித்தீர்கள் என்றே எனக்குப் பிடிபடவில்லை" என்பதைத்தான். இரண்டும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது. எந்த வழி எந்த நோய்க்கு உதவுகிறது என்ற கணக்கில்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

இது வெறும் மனக்குறை என்று யாராவது சொன்னால், 2023இல் பிளாஸ் பயாலஜி இதழில் தத்சுயா அமானோ குழுவினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் அறிவியல் ஆய்வாளர்களிடம் அவர்கள் கேட்டறிந்தார்கள். மொழியின் காரணமாகக் கட்டுரை நிராகரிக்கப்படுவது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குச் சுமார் இரண்டரை மடங்கு அதிகம். மொழியைத் திருத்தச் சொல்லிக் கேட்கப்படுவது பன்னிரண்டரை மடங்கு. ஆக, சுமை உண்மையானது.

முதலில் எல்லோரும் நாடுவது இணைய வகுப்பு. கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்பில் கிறிஸ்டின் சாய்னானி நடத்தும் அறிவியல் எழுத்துப் பாடம் பலரும் அறிந்தது. தேவையற்ற சொற்களை வெட்டு, வினையை வினையாகவே எழுது, செயப்பாட்டு வினையைக் குறை என்பவை அதன் அடிப்படை. நல்ல பாடம்தான். ஆனால் கையில் சொந்த வரைவு எதுவும் இல்லாமல் அதில் சேர்ந்தால், பிறருடைய வாக்கியங்களைத் திருத்திவிட்டு மகிழ்ச்சியோடு வெளியே வருவோம், அவ்வளவுதான். ஒரு முறை நிராகரிக்கப்பட்ட பிறகு, அந்தக் கட்டுரையை அருகில் வைத்துக்கொண்டு அதே பாடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அறிவுரையும் நம்மையே சுட்டுவது தெரியும்.

இரண்டாவது வழி, சேர விரும்பும் மாநாட்டின் பழைய கட்டுரைகளையே ஆசானாகக் கொள்வது. என் ஓட்டு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதே மாநாட்டில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த பத்துக் கட்டுரைகளை எடுங்கள். முடிவுகளை மறந்துவிட்டு, முன்னுரையை மட்டும் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990இல் விளக்கிய மூன்று நகர்வுகள் அங்கே கண்ணில் படும்: முதலில் களத்தின் முக்கியத்துவம், அடுத்து அதில் இருக்கும் இடைவெளி, பிறகு அந்த இடைவெளியை இந்தக் கட்டுரை எப்படி நிரப்புகிறது என்பது. நான் எழுதிய பழைய முன்னுரைகளில் முதல் நகர்வு ஒன்றரைப் பக்கம் ஓடியிருந்தது. இடைவெளி அரை வாக்கியத்தில் ஒளிந்திருந்தது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதுபோல, கட்டுரையின் முக்கியச் செய்தியையும் கடைசிவரை கையில் பிடித்து வைத்திருந்தேன். இலக்கணப் பிழை திருத்துகிறவர் யாரும் இதைக் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார்.

இதே வழியின் இன்னொரு கிளை, ஆன்ட்கான்க் என்ற இலவச மென்பொருள். வசேடா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கியது. சேர்த்து வைத்த கட்டுரைகளை எழுத்துக்கோப்பாக மாற்றி அதில் போட்டு ஒரு சொல்லைத் தேடினால், அந்தச் சொல் வரும் வரிகளெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். 'பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் நினைத்து 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு, வரிசையாக நின்ற வரிகளில் 'டிஸ்கஸ்' என்பதை அடுத்து நேரடியாகப் பெயர்ச்சொல் நிற்பதைப் பார்த்ததும் ஐந்து நிமிடத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. குறை என்னவென்றால் இது மெதுவான வழி. மூன்று வாரத்தில் கெடு முடிகிறது என்பவருக்குப் பயன்படாது.

ஆய்வு நெறியாளரோ, கட்டுரையைச் சேர்ந்து எழுதும் இணை ஆசிரியரோ திருத்தித் தருவது மூன்றாவது வழி. துறையும் தெரிந்தவர், மொழியும் தெரிந்தவர் என்பதால் இதைவிடச் சிறந்தது இல்லை என்று தோன்றும். சிக்கல் அவருடைய வேகத்தில் இருக்கிறது. நேரமில்லாதவர் வாக்கியத்தைத் தானே மாற்றி எழுதிவிடுவார். நாமும் எல்லா மாற்றங்களையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டு நிம்மதியடைவோம். அடுத்த கட்டுரையில் அதே பிழை வந்து நிற்கும். "திருத்த வேண்டாம் ஐயா, தடுக்கும் இடங்களில் கோடு மட்டும் போடுங்கள்" என்று கேட்டுப் பார்த்தேன். அவருக்கும் வேலை குறைந்தது, எனக்கும் புத்தி வந்தது.

கட்டணத் திருத்தச் சேவையையும் செயற்கை நுண்ணறிவுச் செயலியையும் ஒரே தராசில் வைக்கலாம். இரண்டும் வாக்கியத்தைத் துலக்கும், வாதத்தைத் தொடாது. இரண்டுக்கும் பொதுவான ஆபத்து, துறை தெரியாமல் அழகுபடுத்துவது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று 'அக்யூரசி' இருந்த இடத்தில் 'பிரிசிஷன்' போட்டுத் தருவார்கள். அளவியலில் ஒன்று உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் என்பது, மற்றொன்று அளவீடுகள் தங்களுக்குள் எவ்வளவு நெருக்கம் என்பது. கட்டுரையே பொய்யாகிவிடும். செயலிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: 'இருக்கக்கூடும்' என்று நாம் அடக்கமாகச் சொன்னதை 'நிரூபிக்கிறது' என்று உயர்த்திவிடும். இல்லாத மேற்கோள் கட்டுரைகளை உருவாக்கித் தருவதும் ஊரறிந்த கதை.

கற்பதற்கு என்று பார்த்தால் செயலிதான் ஒரு படி மேல். ஏன் மாற்றினாய் என்று நள்ளிரவில் பத்து முறை கேட்டாலும் சலிக்காது. ஆனால் மாநாட்டு விதிகளை முதலில் படித்துவிடுங்கள். ஐசிஎம்எல் என்ற இயந்திரக் கற்றல் மாநாடு 2023இல், சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளே உருவாக்கிய பகுதிகளைத் தடுத்தது. ஆசிரியர் தாமே எழுதியதைத் துலக்கிக்கொள்ள அனுமதித்தது. கோடு எங்கே விழுகிறது என்பது மாநாட்டுக்கு மாநாடு மாறும். செயலி எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும் நம்ப முடியாது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தம் கையால் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை அத்தகைய ஏழு கருவிகளிடம் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டைக் கணினி எழுதியது என்று அவை முத்திரை குத்தின. எனவே வரைவின் பழைய பதிப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

எழுத்து ஒருவழியாக முடிந்தாலும், மேடை தனி உலகம். நல்ல கட்டுரை எழுதியவர் நன்றாகப் பேசுவார் என்று எதிர்பார்க்கவே கூடாது. என் முதல் உரையை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். நடுவில் அமர்வுத் தலைவர் "இரண்டு நிமிடம்தான் இருக்கிறது" என்றார். மனப்பாடத்தில் தாவுவதற்கு வழி கிடையாது; தாவினேன், விழுந்தேன். குறிப்புகளை மட்டும் வைத்துப் பேசுவது தாவ இடம் தரும். ஆனால் மொழி தடுமாறுபவருக்கு முதல் நிமிடமே கால் நடுங்கும். நடுவழி ஒன்று இருக்கிறது: தொடக்கம் நான்கு வாக்கியமும் முடிவு இரண்டு வாக்கியமும் மனப்பாடம், இடையில் ஸ்லைடுகளின் தலைப்பே துணை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி பரிந்துரைக்கும் முறையில், தலைப்பு 'முடிவுகள்' என்ற ஒற்றைச் சொல்லாக இராது. கண்டுபிடிப்பைச் சொல்லும் முழு வாக்கியமாக இருக்கும், கீழே அதற்குச் சான்றாகப் படமோ வரைபடமோ வரும். பார்வையாளருக்காகச் சொன்ன யோசனை அது. சொல் மறந்து நிற்கும் பேச்சாளருக்குத்தான் அதனால் இரட்டை லாபம்: தலையைத் திருப்பித் தலைப்பைப் படித்துவிட்டுத் தொடரலாம்.

பயிற்சிக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சு மன்றமா, ஆய்வுக்குழு ஒத்திகையா? 1924இல் தொடங்கிய அந்த மன்றத்தில் முன்னறிவிப்பில்லாத தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசச் சொல்லும் பயிற்சி, கேள்வி நேரத்துக்குக் கைகொடுக்கும். மற்றபடி அங்கே பாராட்டப்படும் கையசைவும் குரலேற்றமும் ஆய்வரங்கில் கொஞ்சம் மிகையாகத் தெரியும்; உங்கள் ஆய்வில் எடுத்த மாதிரிகளின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு சிறியது என்றும் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஆய்வுக்குழுவினர் அதைக் கேட்பார்கள். ஆனால் உங்கள் வேலையை ஏற்கெனவே அறிந்தவர்கள் என்பதால், புதியவர் எங்கே வழி தவறுவார் என்று அவர்களால் சொல்ல முடியாது. பக்கத்துத் துறையிலிருந்து ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பது இரண்டையும்விட மேல்.

கெடுவுக்கு ஒரு மாதம் இருந்தால்: பத்துக்குப் பதிலாக மூன்று முன்னுரைகளைப் பிரித்துப் படித்து, வரைவு எழுதி, நெறியாளரிடம் கோடு வாங்கி, கடைசியில் மட்டும் செயலி. ஓர் ஆண்டு இருந்தால் வகுப்பும் ஆன்ட்கான்கும் சேரும். திருத்தச் சேவை, வேறு யாருமே படித்துத் தர ஆளில்லாதபோது மட்டும். பேச்சுக்கு, நிமிடத்துக்கு 125 சொல் என்று வைத்தால் பன்னிரண்டு நிமிட உரைக்கு 1,500 சொல்தான் இடம். நானும் அந்தக் கணக்கின்படிதான் ஒவ்வொரு முறையும் தயாரிக்கிறேன். கைப்பேசியில் பதிவு செய்யும் முதல் ஒத்திகை மட்டும் இன்றுவரை பதினேழு நிமிடத்துக்குக் குறைந்ததில்லை.