பருமனான பிள்ளைகளுக்கான ஏரோபிக்ஸ் வகுப்பு: ஒரு அம்மாவின் மதிப்பீடு

மாலை நேர வகுப்பு. என் பத்து வயது மகள் சில மாதங்களாகப் போகிறாள். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

முதலில் பயிற்சியாளர். பாட்டுப் போட்டு ஆட விடுகிறார், நடுநடுவே "இப்போ கூடப் பாடுங்க பார்ப்போம்!" என்கிறார். பாட முடிந்தால் வேகம் போதவில்லை. பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் அதிகம். பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது; மிதமான வேகத்துக்கு அதுதான் அளவு. திணறும் பிள்ளையை ஓரமாக உட்கார வைக்காமல் அதே தாளத்தில் நடக்க விடுகிறார். எடை கூடிய உடம்பில் குதிப்பது முழங்காலைப் படுத்தும் என்பதால் குதிக்கும் அசைவுகளும் குறைவு. இதற்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பிடிக்காதது, மாதக் கடைசியில் நடக்கும் எடை பார்க்கும் சடங்கு. எல்லார் முன்னாலும் எண்ணைச் சத்தமாக வாசிக்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு எடை அப்படியே இருந்து உயரம் கூடினாலே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்) இறங்கும். அதையும் வயது, பாலினம் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும், பெரியவர்கள் அளவுகோல் செல்லாது. அதைவிட முக்கியம், இந்தப் பயிற்சியின் பலன் பாதி தராசில் தெரியாது. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தொடர்ந்து செய்தால் இன்சுலினும் நன்றாக வேலை செய்யும், கல்லீரல் கொழுப்பு குறையும், எடை பெரிதாக இறங்காவிட்டாலும்கூட. மகளின் கழுத்துக் கருமையைப் பார்த்துத்தான் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லையோ என்று டாக்டர் யோசித்தார். (தேய்த்துக் குளிப்பாட்டினால் போகும் அழுக்கு இல்லை அது!) இப்போது மாடிப்படி ஏறிக்கொண்டே வாய் ஓயாமல் கதை சொல்கிறாள். அதை எந்த மெஷின் காட்டும்?

விளம்பரத்தில் 'எடைக் குறைப்பு உத்தரவாதம்' என்று போட்டிருப்பது அபத்தம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் சில நாள் மட்டும் நடக்கும் வகுப்பு அதை எட்டாது. மீதி நாளுக்கு என்ன செய்வது என்று இவர்கள் சொல்வதே இல்லை. நாங்களாகச் சைக்கிள் விடுகிறோம்.

சேர்க்கலாமா? சேர்க்கலாம். அதற்குமுன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள், கடைசியில் வரும் பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள் என்று. நான் அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். எடை பார்க்கும் நாளில் மட்டும் லேட்டாகத்தான் கூட்டிப் போவேன்.