மலையடியா, கழிமுகமா: ருமேனியாவின் இரண்டு குட்டி ஊராட்சிகள்

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ரிமேத்தேயாவா, ஸ்ஃபின்து கியோர்கேயா?

இடம்: ரிமேத்தேயா, டிரான்சில்வேனியாவின் ஆல்பா மாவட்டத்தில். கிழக்கே 1,100 மீட்டருக்கு மேல் உயர்ந்த சுண்ணாம்புப் பாறை. காலையில் எட்டிப் பார்க்கும் சூரியன் பாறைக்குப் பின்னே மறைந்து மீண்டும் வரும். ‘இங்கே இருமுறை விடியும்’ என்பார்கள். மற்றதான ஸ்ஃபின்து கியோர்கே, டான்யூப் ஆறு கருங்கடலில் கலக்கும் முனை. மணல் தெரு, நாணல் கூரை.

மக்கள்: முன்னதில் ஆயிரம் பேர் அளவில், பெரும்பாலும் ஹங்கேரியர். பின்னதில் அதைவிடக் குறைவு. உக்ரைன் வேர் கொண்ட மீனவக் குடும்பங்கள் பல. இரண்டிலும் இளைஞர்கள் வெளியேறுகிறார்கள்.

போக்குவரத்து: முன்னதற்குக் காரிலேயே போகலாம். பின்னதற்குச் சாலையே இல்லை, துல்ச்சா நகரிலிருந்து படகுதான். படகைத் தவறவிட்டால் அன்றைய திட்டம் அம்போ!

வயதானவர்களோடு, இரண்டே நாளில் என்றால் ரிமேத்தேயா. பறவை, மீன்குழம்பு, அவசரமில்லாத நாலு நாள் என்றால் கழிமுகம். என் ஓட்டு படகுக்கே.