நஞ்சராயன் குளத்தில் நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3 8×42

பைனாகுலர் வாங்கப் போனால் எல்லாரும் முதலில் பத்து மடங்கைத்தான் கேட்பார்கள். நம்ம பக்கத்துக் குளங்களுக்கு எட்டு மடங்குதான் சரி. பத்தில் பறவை பெரிதாகத் தெரியும். கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

இந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு மடங்கு காட்டும் நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3 பைனாகுலரோடு அம்மாயியையும் கூட்டிக்கொண்டு விடியும்போதே திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குப் போய்விட்டேன். 2022-ல் சரணாலயமாகி 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த குளம். முந்தின ராத்திரி மழை, வானம் மூட்டம். முன்கண்ணாடி 42 மி.மீ. என்பதால் அந்த மங்கலிலும் நிறம் பிரிந்து தெரிந்தது.

வலசை வந்த புதிதில் ஆண் வாத்தும் பெட்டை மாதிரியே பழுப்பாகத்தான் இருக்கும். நீலச்சிறகி என்ற வாத்தில் ஆணுக்கு வரும் பட்டையான வெள்ளைப் புருவமெல்லாம் பிறகுதான். அதனால் கிளுவையா, நீலச்சிறகியா என்று இந்த மாதத்தில் எல்லாருமே திணறுவோம். கரையோரமாக வந்த ஒன்றின் முகத்தை மட்டும் பிடித்து நிறுத்தினேன். கண்ணை ஒட்டி ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொன்று, அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டு. நீலச்சிறகியேதான்! கொடுத்த காசு அந்தப் பொட்டுக்கே தகும்.

அம்மாயி மூக்குக் கண்ணாடி போடுபவர். கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிந்தது. சேற்றில் ஓர் உள்ளான். "ஏங்கண்ணு, நின்னாலும் வாலை ஆட்டுது, நடந்தாலும் ஆட்டுது, அதுக்கு நோவாதா?" என்று கேட்டவர், அப்புறம் வெகுநேரம் பைனாகுலரைத் திருப்பித் தரவே இல்லை.

பார்வை அகலம் 7.2 டிகிரி. தண்ணீரை உரசிப் பறந்த தகைவிலான்களை விடாமல் தொடர முடிந்தது அதனால்தான். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்து வாத்துக் கூட்டத்தையே கிளப்பியபோது, பருந்தும் கூட்டமும் ஒரே வட்டத்துக்குள் இருந்தன. அந்தக் காட்சிக்காக இன்னொரு தரம் போவேன்.

எதிர்க்கரை வாத்துகளை இனம் பிரிக்க இது போதாது, அதற்கு முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும். மூன்று மீட்டருக்குள் இருக்கும் தும்பி, பட்டாம்பூச்சிக்கும் ஃபோகஸ் ஆகாது. எடை 565 கிராம். வயதானவர்களுக்கு இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை தனியாக வாங்கிவிடுங்கள். வாங்கும்போது கடைக்கு வெளியே எடுத்து வந்து, தெருக்கோடி போர்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே பாருங்கள்.